எட்டாம் நம்பர் ஷூவும் பதினான்கு பாட்டுகளும்

அவருடைய முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. உச்சந்தலையும் அதன் மேலிருந்த வெள்ளைத் தொப்பியும் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன. அவர் எப்போதும் குனிந்தே இருந்ததுதான் காரணம். தேயிலை மலையில், சூரியநெல்லிக் கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருந்தவர். வருகிற ஆளின் காலைத்தான் முதலில் பார்ப்பார். முகம் இரண்டாம் பட்சம். "வாங்க வாங்க, ஆறாம் நம்பருங்க, இடது கால் கொஞ்சம் பெருசு" என்று காலுக்கு வரவேற்புச் சொல்லிவிட்டுத்தான், வந்தது யாரென்று நிமிர்ந்து பார்ப்பார்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே நல்லேப்பிள்ளி அவருக்குச் சொந்த ஊர். குடும்பம் அங்கே இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கீழே போய்ச் சரக்கு எடுத்துக்கொண்டு மலையேறி வருவார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிட எட்டு வயது மூத்தவர். எஸ்டேட்டில் எல்லாருக்கும் அவர் 'பாய்'. அவருக்கு எல்லாரும் 'வாங்க, போங்க'தான். இடுப்பில் இருக்கிற குழந்தையிடம்கூட "காலைக் காட்டுங்க" என்றுதான் சொல்வார்.

அந்த மரியாதையை நம்பி உட்கார்ந்தவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். மனிதருக்கு ஒப்புக்குப் பேசத் தெரியாது. தெரியாது என்பதைவிட, வாயில் வராது என்பதே சரி.

ஒருமுறை யூனியன் தலைவர் ஒருவர் பேச்சுவார்த்தைக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும் என்று கூர்மூக்கு ஷூ கேட்டார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். பாய் அவர் காலைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், மறுபடி பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார்.

"ஏனுங்க, இது உங்களுக்கு ஆகாதுங்க. மந்திரி ரூமுக்குள்ள போறதுக்குள்ள கழட்டிக் கையில புடிச்சுக்குவீங்க. அப்புறம் எங்கீங்க பேச்சுவார்த்தை?"

பத்துப் பேரும் சிரித்துவிட்டார்கள். தலைவர் கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் தனியாக வந்து, அவர் எடுத்துக் கொடுத்த அகல மூக்கு ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். பெரிய கிளார்க்கின் மனைவிக்கும் இதே கதைதான். ஐந்தாம் நம்பர்தான் தன் அளவு என்று அந்த அம்மாள் பத்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். ஏழு என்று கடைக்குள் பத்துப் பேர் கேட்கச் சொன்னார் பாய். அந்த அம்மாள் ஒரு வருடம் அந்தப் பக்கமே வரவில்லை. பாய்க்கு அதில் வருத்தமில்லை. "ஏழுதானுங்களே" என்று மட்டும் சொன்னார்.

நான் தேயிலை ஃபாக்டரி ஆபீசில் கிளார்க். எங்களுக்கு ஒரு பாட்டுக் குழு இருந்தது. நான், சேசு, கணேசன் ஆகிய மூன்று பேர். துரைமார் கிளப்பில் யாரும் தொடாமல் கிடந்த டிரம்ஸ் செட் சேசுவிடம் வந்து சேர்ந்தது. கணேசன் எஸ்டேட் லாரி டிரைவர். பழைய ரேடியோக்களைப் பிரித்து ஒலிபெருக்கி கட்டியவனும், அதில் மாட்டுகிற மாதிரி கிடார் ஒன்றைச் செய்தவனும் அவன்தான். நான் மதுரையில் வாங்கிய கிடாரோடு முன்னால் நின்று பாடுவேன். குழுவை ஆரம்பித்தது நான். அதை அடிக்கடி சொல்லிக்காட்டுகிற வழக்கமும் எனக்கு உண்டு.

நாங்கள் வாசித்தது சினிமாப் பாட்டும் இல்லை, இங்கிலீஷ் பாட்டும் இல்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் பாடுகிற கும்மிக்குப் பின்னால் கிடாரை முடுக்கிவிட்டால் என்ன வருமோ, அது. சேசு வேலை பார்த்தது ஃபாக்டரியில் ரோலர் ஓடுகிற அறையில். கொழுந்தைப் போட்டு நசுக்குகிற பெரிய இயந்திரங்கள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுற்றுக் கணக்கை அப்படியே டிரம்ஸில் கொண்டுவந்து அவன் ஒரு பாட்டு செய்திருந்தான். 'ரோலர்' என்றே அதற்குப் பெயர். அதில் வார்த்தையே கிடையாது. அது தொடங்கினால் கூட்டம் உட்காராது.

வேலை முடித்துக் கையைக் கழுவும்போது சேசு சொல்வான்: "காதுக்குள்ள அது நிக்கவே மாட்டேங்குடே. தூங்கும்போதும் சுத்துது. டிரம்ஸ் கொட்டுததுக்கு மட்டும் காது இருந்தாப் போதும்னு ஒரு நாளாவது இருக்கணும்." ரோலர் அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே ஆசை.

பாயும் நாங்களும் மோதிக்கொண்டது ஒரு பொங்கலன்று. காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கிற பெரட்டுக்களத்தில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தோம். பாய் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கையில் ஷூப் பெட்டியின் மூடி. அதில் பென்சிலால் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடிந்ததும் நேரே போனேன்.

"பாய், பாட்டுக் கேக்க வந்தீரா, ஆள் எண்ண வந்தீரா?"

"கேட்டுட்டுத்தானுங்க இருந்தேன். காதுல கேக்கறதுக்கு மூஞ்சிய எதுக்குங்க அந்தப்பக்கம் திருப்பணும்?"

"அட்டையில என்ன எழுதுதீரு?"

"எந்தப் பாட்டுக்கு எத்தனை காலு அசைஞ்சுதுன்னுங்க."

மூடியை நீட்டினார். பாட்டுகளை அவருக்குத் தெரிந்த அடையாளத்தில் எழுதி, பக்கத்தில் கோடு போட்டிருந்தார். உட்கார்ந்த இடத்தில் கால் தட்டினால் ஒரு கோடு. எழுந்து நின்றால் இரண்டு. களத்துக்குள் இறங்கி ஆடினால் மூன்று. 'ரோலர்' பாட்டுக்கு மூன்று. நான் தனியாக நின்று பாடிய பனிப் பாட்டுக்கு ஒன்றுமே இல்லை.

"நாள் பூரா மலையேறிக் கொழுந்து எடுத்த காலுங்க இது. சும்மா அசையாது. அசையுதுன்னா பாட்டுல ஏதோ இருக்குதுங்க. எனக்குக் கச்சோடமும் இதுதான், இந்த யாவாரத்தை உட்டா வேற தெரியாது."

என் கோபம் தணியவில்லை. ஆனால் சேசுவும் கணேசனும் அந்த மூடியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கோடு இல்லாத பாட்டுகளைக் குறைத்தார்கள், நீளமானதைச் சுருக்கினார்கள். ஒரு வருடத்தில் பெரட்டுக்களம் கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் எங்கே வாசித்தாலும் பாய் ஒரு மூடியோடு வருவார். எதிர்ப்பக்கம் பார்த்து உட்காருவார். ஒரு தடவைகூட அவர் கைதட்டிப் பார்த்ததில்லை.

ஆனைக்கரையில் ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் இரண்டு நாள் விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாள் யாருமே ஆடவில்லை. மரம் மாதிரி நின்று கேட்டார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு ரசனையே கிடையாது என்று நான் எரிந்து விழுந்தேன்.

"அவுங்க பேர்ல தப்பில்லீங்க" என்றார் பாய். "ஏலத்தோட்டத்து மண்ணு, மழை பேஞ்சு வழுக்குது. கட்டைவிரலை ஊனி நின்னுட்டு இருக்கறாங்க. ஆடுனா விழுந்துருவாங்க. நாளைக்கு மரத்தூள் போடச் சொல்லுங்க."

மறுநாள் மரத்தூள் கொட்டினார்கள். அன்று ஊரே ஆடியது. அவரைப் பிடிக்காமல் இருப்பது எனக்கு அதன் பிறகு கொஞ்சம் சிரமமாகிவிட்டது. இருந்தாலும் முயற்சியை விடவில்லை.

மூன்று வருடம் இப்படிப் போயிற்று. அந்த வருடக் கோடையில், துபாயிலிருந்து வந்த மச்சான் கொடுத்தது என்று ஒரு டேப் ரெக்கார்டரை மலைக்குக் கொண்டுவந்தார் பாய். கூடவே ஒரு செய்தி. கோயமுத்தூரில் புதிதாக ஒரு ஓட்டல் திறக்கிறார்கள். சாயங்காலங்களில் ஆட்டத்துக்கு வாசிக்க ஒரு குழுவை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறார்கள். அந்த முதலாளி, பாய் சரக்கெடுக்கிற மொத்தக் கடைக்காரர் வழியாக அவருக்குப் பழக்கம். "வாசிக்கறதைப் பதிஞ்சு, ரெண்டு வாரம் கழிச்சு வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டாங்க, கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறார்.

சேசு அன்று ஃபாக்டரியிலிருந்து ஓடியே வந்தான். "நெசமாவா பாய்? அங்க ரோலர் இருக்காதுல்லா?" என்று கேட்டான். பாய் அதற்கும் சிரிக்காமல், "இருக்காதுங்க" என்றார்.

எங்களிடம் நாற்பது பாட்டுகள் இருந்தன. இருந்தது ஒரே ஒரு கேசட். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். எந்தப் பாட்டுகளைப் போடுவது என்று நாங்கள் மூன்று பேரும் ஒரு வாரம் அடித்துக்கொண்டோம். கடைசியில் பாய் கடையின் பின்பக்கம் போய், மூன்று வருடத்து மூடிகளை ஒரு கயிற்றில் கட்டி எடுத்து வந்தார். கூட்டிப் பார்த்துப் பதினான்கு பாட்டுகளைச் சொன்னார். கொழுந்தை ஒரே மட்டத்தில் எடுக்க வைக்கிற மட்டக்கம்பின் பாட்டு, லாரிப் பாட்டு, கொழுந்துக் கும்மி என்று வரிசையாக வந்தது. முதல் பக்கத்தில் எட்டு, கடைசியாக 'ரோலர்'. இரண்டாம் பக்கத்தில் ஆறு. பனிப் பாட்டு இல்லை. நான் தனியாகப் பாடிய எந்தப் பாட்டும் இல்லை.

"இரண்டாம் பக்கத்துல இன்னும் எடம் இருக்கே பாய், ஒரு பாட்டு போடலாமே" என்றேன்.

"இருக்கட்டுங்க. ஷூவுல விரலுக்கு முன்னால அரை இஞ்சு விடறமில்லீங்களா, அந்த மாதிரி."

"நான் ஆரம்பிச்ச குழு இது. என் பாட்டு ஒண்ணு இல்லாம எப்படி?"

அவர் நிமிர்ந்தார். என் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"கோவிச்சுக்காதீங்க. அந்தப் பாட்டைப் பாடறப்ப உங்க காலே அசையறதில்லீங்க. மூணு வருசமாப் பாத்துட்டு இருக்கேன்."

சேசுவும் கணேசனும் வேறெங்கோ பார்த்தார்கள். அவர்கள் மறுத்துச் சொல்லியிருந்தால் நான் ஆறியிருப்பேன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஜன்னல்களுக்குக் கம்பளி மாட்டிப் பதிந்தோம். நான் கிடார் வாசித்தேன், மற்றவர்களோடு சேர்ந்து பாடினேன், மூஞ்சியை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டேன். நன்றாகவே வந்தது. முடிந்ததும் பாய் கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு சின்னத் தகடுகளையும் தைக்கிற ஊசியால் உடைத்து எடுத்தார். அவற்றை உடைத்துவிட்டால் மேலே யாரும் மறுபடி பதிய முடியாது. பிறகு ஷூவுக்கு அடிப்பாகத்தில் போடுகிற மாதிரி ஒரு பக்கம் 'வ', மறுபக்கம் 'இ' என்று சாக்கட்டியால் எழுதி, வலது இடது என்று அடையாளம் வைத்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்வந்து, சாயங்காலம் எங்களிடம் சொல்லிக்கொண்டு, சனிக்கிழமை காலை பஸ்ஸில் கீழே இறங்குவதாக ஏற்பாடு.

அந்த வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு நான் கடைப்பக்கம் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் கேசட்டைப் பார்க்கத்தான் என்று சொல்வேன். கையில் கிடாரும் இருந்தது. பாய் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சுங்க, வந்தீங்க. கொஞ்சம் கடையைப் பாத்துக்குங்க. ஜும்மா முடிஞ்சு வந்தர்றேன்."

பள்ளிவாசல் அடுத்த ஊரில். போய்வர மூன்று மணி நேரமாவது ஆகும். அவர் ஜீப்பில் ஏறிப் போனதும் நான் கேசட்டை எடுத்தேன். காகிதத்தை நான்காக மடித்து, ஷூ ஒட்டுகிற பசையைத் தடவி, உடைத்த ஓட்டையின் மேல் ஒட்டினேன். இரண்டாம் பக்கத்து முடிவில் இருக்கிற அந்த அரை இஞ்சு இடத்தில் என் பாட்டைச் சேர்த்துவிடுவது என் திட்டம். யாருடையதையும் அழிக்க நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் இது ஒன்றுதான் என் பக்கம் சொல்ல இருக்கிறது.

எது இரண்டாம் பக்கம்? கடையில் பாய் எப்போதும் இடது ஷூவைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார். வலதைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார். இடது பிடித்தால்தான் வலது வெளியே வரும். மூன்று வருடம் அந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். இடது முதல், வலது இரண்டு என்று முடிவு செய்தேன். கேட்டுப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்று தோன்றவில்லை. யாராவது வந்துவிடுவார்களோ என்று அவசரம். 'வ' பக்கத்தைப் பாயின் டேப் ரெக்கார்டரில் போட்டு, கேட்காமலே கடைசிவரை வேகமாகச் சுற்றவிட்டு, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, பனிப் பாட்டை முழுதாகப் பாடினேன்.

பிறகு போட்டுக் கேட்டேன். என் குரல் வந்தது. பாட்டு முடிந்தது. உடனே சேசுவின் டிரம்ஸ் இரண்டு அடி அடித்துவிட்டு நின்றது. 'ரோலர்' பாட்டின் கடைசி இரண்டு அடி. அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

கடையில் இடது முதல், அது வியாபாரம். அவர் தனக்கென்று செய்கிற எதையும் வலதில்தான் தொடங்குவார். செருப்பு மாட்டும்போதும் வலது காலைத்தான் முதலில் நுழைப்பார். ஒவ்வொரு நாளும் பார்த்ததுதான். அது மட்டும் எனக்கு அன்று நினைவுக்கு வரவில்லை.

கேசட்டை இருந்த இடத்தில் வைத்தேன். ஒட்டிய காகிதத்தைப் பிய்க்கப் பார்த்தேன், வரவில்லை. நல்ல பசை. பாய் வந்து "யாராச்சும் வந்தாங்களா?" என்றார். யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பினேன், இரண்டு தடவையும் மறுபடி திரும்பி நடந்தேன்.

சாயங்காலம் போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். கணேசன் ஏற்கெனவே வந்திருந்தான். சேசு தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தான்.

"பாய், கோயமுத்தூருக்குப் போற காலு இது. கறுப்பு ஷூவா ஒரு ஜோடி எடுங்க."

கேசட் பாயின் முன்னால் இருந்தது. கீழே போகுமுன் போட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார். என் காகிதமும் பசையும் அதன் முதுகில் அப்படியே இருந்தன. நான் அதைப் பார்த்தேன்; நான் பார்த்ததை அவர் பார்த்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மந்திரி பேச்சுவார்த்தைக்குப் போகிற தலைவரிடமே மறைக்காதவர், என்னிடம் மறைப்பாரா?

"டேப்புல ஈரம் ஏறிப்போச்சுங்க" என்றார் பாய். கேசட்டை எடுத்து மேசைக்குள் போட்டார். "ஆகாது. இன்னொருக்காப் பதியணும்."

கணேசன் தலையில் கை வைத்தான். சேசு மட்டும், "சரி, அதுக்கென்ன? திரும்பப் பதிஞ்சுக்கிடலாம். நீங்க ஷூ எடுங்க" என்றான்.

பாய் குனியவில்லை. சேசுவின் காலை அவர் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடி கைக்கு வந்த பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று சேசு போட்டுப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனான்.

மறுபடி பதிய, புதுக் கேசட் வந்து பள்ளிக்கூடமும் கிடைக்க, இரண்டு வாரமாயிற்று. சேசு புது ஷூவோடு வந்து உட்கார்ந்தான். காலால் மிதிக்கிற பெரிய டிரம் அன்று தடுமாறியது. நடுவில் நிறுத்தி ஷூவைக் கழற்றினான். குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. "ஏழாம் நம்பரைக் குடுத்துட்டாருடே" என்று என்னிடம் சிரித்தான். "எனக்கு எட்டுல்லா? பாயே தப்பு விடுதாரு, நம்ம வாசிப்புல தப்பு வந்தா என்ன?" வெறுங்காலோடு வாசித்து முடித்தான். பாய் அன்று எங்களையும் பார்க்கவில்லை, எதிரிலும் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேசட் கீழே போய்ச் சேருமுன், வேறு குழுவை அமர்த்திவிட்டதாக ஓட்டல் முதலாளியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. கடிதத்தைப் படித்ததும் சேசு, "சரி விடு. ரோலர் இருக்கவே இருக்கு" என்று ஃபாக்டரிக்குப் போனான்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"அன்னைக்கு உள்ளதைச் சொல்லியிருந்தா அவுங்க ரெண்டு பேரும் உங்களை உட்டுட்டுப் போயிருப்பாங்க. மூணு பேரு இல்லாம அந்தப் பாட்டு நிக்காதுங்க. அதுக்காகப் பொய் சொன்னேன். சொல்லிப் பழக்கமில்லீங்க எனக்கு. சேசு வந்து நின்னா காலைப் பாக்க முடியல. காலைப் பாக்காம நான் இந்தக் கடையில என்னங்க பண்றது?"

மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். கறுப்பு ஷூ, எட்டாம் நம்பர்.

"அவருக்கு எடுத்து வெச்சிருக்கேன். நீங்க போய்ச் சொல்லீட்டு வாங்க. அன்னைக்கே குடுத்தர்றேன்."

"சொல்லுதேன் பாய்" என்றேன்.

சொல்லவில்லை. அந்த வாரம் சேசுவுக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் கொழுந்து அதிகம். பிறகு மழைக்காலம், அதற்குப் பிறகு பொங்கல். காரணத்துக்கா பஞ்சம்? நாங்கள் தொடர்ந்து வாசித்தோம். பாய் பழையபடி மூடியோடு வந்தார். கூட்டத்தின் காலைப் பார்த்தார், கோடு போட்டார். கடைக்குப் போகும்போதெல்லாம் என் கண் மேல் தட்டுக்குப் போகும். பெட்டி அங்கேயே இருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சேசு வந்தால் மட்டும், "அளவை நீங்களே சொல்லீருங்க" என்பார். நான் பயந்தவன் என்பது தவிர இதற்கு வேறு விளக்கம் கிடையாது.

ஒரு வருடம் கழித்து, ஊரில் அண்ணனுக்கு உடம்பு முடியவில்லை, நல்லேப்பிள்ளியில் அண்ணன் வைத்திருந்த கடையைத் தான்தான் பார்க்க வேண்டும் என்று பாய் மலைக்கடையை மூடினார். சரக்கைக் கணேசனின் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டாவது பதிஞ்ச கேசட் என்கிட்டயே இருக்கட்டுங்க. ஊர்ல கடையில போட்டுப் பாக்கறேன். மலையேறுன காலுக்குச் சரி, வயல்ல நிக்கற காலு என்ன பண்ணுதுன்னு பாக்கணும்."

பிறகு அந்தப் பெட்டியை என் கையில் வைத்தார்.

"இதை நான் கொண்டுட்டுப் போனா அங்கயும் என்னைப் பாத்துட்டேதான் இருக்கும். சொன்னதுக்கப்புறம் குடுங்க. சொல்லாமக் குடுத்தராதீங்க."

லாரியில் ஏறும்போது வலது காலை முதலில் வைத்து ஏறினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் போகிறாரே என்று மட்டும் அல்ல.

அன்று மத்தியானமே பெட்டியோடு லயத்து வரிசைவீடுகளில் இருந்த சேசுவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: காகிதம், பசை, வலது, இடது, கடைசி இரண்டு அடி. பாய் சொன்ன பொய்யையும் சொன்னேன். சேசு அரிவாளைக் கீழே வைத்தான். உள்ளே அவன் அம்மா யாருடனோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

பெட்டியைத் திறந்தான். வலது ஷூவை எடுத்துக் காலில் நுழைத்தான். எழுந்து நின்று இரண்டு தடவை அழுத்தி மிதித்துப் பார்த்தான். சரியாக இருந்தது. விரலுக்கு முன்னால் அரை இஞ்சு.

"என் அளவு பாய்க்குத் தெரியாமலா போச்சுன்னு அன்னைக்கே நெனச்சேன்" என்றான்.

மறுபடி உட்கார்ந்து இடது ஷூவையும் போட்டான். கயிற்றை முடிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"என்னுததை அழிச்சிட்டுப் பாடினியே, அந்தப் பாட்டாவது நல்லா வந்துச்சாடே?"

நன்றாக வந்தது என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கும் அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்லடே" என்றேன். "நல்லா இல்ல."